ஆணியைத் தெரிந்தெடுத்தல்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஆணியைப்பற்றிப் பேச வந்தது எற்றுக்கென்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதும் தக்கதே. எனினும், அச்சொல்லை நம் முன்னோர் எவ்வளவு பெருமைப்படுத்தினர் என்பதை நோக்குக. மரத்தை நிறுத்துவது ஆணிவேர். தேரை ஓட்டுவிப்பது அச்சாணி. மாற்றுயர்ந்த பொன் ஆணிப்பொன். குற்றமற்ற முத்து ஆணிமுத்து. எழுத்தாணியின் வழியாக எமக்கும் இப்பொருளோடு உறவுண்டு. இத்துணைச் சிறப்புடைய பொருளை, வீடு கட்டுவோர் எல்லாவற்றிற்கும் கடைசியில், "இரண்டு கிலோ ஆணி கொடுங்கள்" என்று எடையால் மட்டும் வாங்கி வருகின்றனர். மரத்தின் தரத்தைப் பத்துக் கடைகளில் விசாரித்தவரும் ஆணியின் தரத்தை ஒரு கடையிலும் விசாரிப்பதில்லை. தச்சர் ஒன்று கேட்க, வீட்டுக்காரர் விலை குறைந்த வேறொன்றை வாங்கிக் கொடுப்பதும் உண்டு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கழிந்த பின்னர், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. புயல் ஓய்ந்தபின் யாம் பணிசெய்யும் பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகையைச் சென்று கண்டோம். மரச்சட்டங்கள் முறியாமல் நின்றன. கூரைத் தகடுகளோ வயலிற் கிடந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தபொழுது, தகடு கிழிந்திலது. ஆணிகள் சிறிதும் வளையாமல் தகட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. மரமும் தோற்கவில்லை, தகடும் தோற்கவில்லை, ஆணி உருவிக்கொண்டது. பகற்பொழுதாயின் அக்கொட்டகையிற் பிள்ளைகள் ஒதுங்கி நின்றிருப்பர்.

இதன் காரணத்தை ஆராய்வோம். ஆணியைப் பற்றிக்கொண்டிருப்பவை மரத்தின் நார்களே. ஆணி நுழையுங்கால் விலகிய நார்கள் அதன் உடலை இருபுறமும் நெருக்குகின்றன. பாரம் ஆணிக்குக் குறுக்காக வருமாயின், ஆணி வளைந்தோ மரம் நசுங்கியோ அன்றி இணைப்பு விடாது. பாரம் ஆணியின் நீளவாட்டில் இழுக்குமாயின், அந்நெருக்கம் ஒன்றே தடை. அது மிக எளிய தடை. புயற்காற்று கூரையின்மேல் விரைந்து செல்லும்போது கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதே மிகுதி. ஆகவே, மேலிருந்து நேரே அடித்த வழவழப்பான ஆணியைக் காற்று நீளவாட்டிலேயே பிடுங்குகிறது.

எனவே கூரைக்கு வழுக்காணி ஆகாது. உடலில் வளையம் வளையமாக வரியிட்ட ஆணியோ, திருகு முறுக்குடைய ஆணியோ வேண்டும். அவற்றின் வரிகளில் நார் சிக்கிக்கொள்ளும். சட்டத்தைக் கீழே சுற்றிப் பிடிக்கும் ஜே வடிவக் கொக்கி அதனினும் நன்று. இவை கிடையாவிடத்து, சட்டத்தை ஊடுருவி வெளிவரும் நீண்ட ஆணியை அடித்து, அதன் நுனியை மறுபுறம் மடக்கிவிடலாம். தகட்டின் பள்ளத்தில் அடியாமல் மேட்டில் அடிக்கவேண்டும். பள்ளத்தில் நீரோடுமாதலின் துளைவழி ஒழுகும். கூரையின் விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும் உறிஞ்சுதல் மிகுதியாதலால், அங்கெல்லாம் ஆணிகளை நெருக்கமாக வைத்தல் வேண்டும். நம்மவர் பெரும்பாலும் நடுவிலும் ஓரத்திலும் ஒரே இடைவெளியே விடுகின்றனர்.

இனி நீளம். பலகையின் கனத்தைப்போல் மும்மடங்கு நீளமுள்ள ஆணி வேண்டும் என்பது தச்சர் வழக்கு. முக்கால் அங்குலப் பலகைக்கு இரண்டேகால் அங்குலம். கடையில் இரண்டரை அங்குல ஆணி கேட்கலாம். பருமனைக் கேஜ் எண்ணாற் குறிப்பர். எண் ஏற ஏற ஆணி மெலியும் என்பது புதியவர்க்கு மயக்கந்தரும்: 8 கேஜ் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர், 14 கேஜ் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பருத்த ஆணியே வலிதென்று கருதி மெல்லிய சட்டத்தில் அதனை அடித்து மரத்தைப் பிளப்பவர் பலர். பிளந்த மரம் ஆணியைப் பற்றுவதேயில்லை. வேங்கை, கருவேலம் போன்ற வன்மரங்களில் ஆணியினும் சிறிது ஒடுங்கிய துளையை முதலில் இட்டுக்கொள்ளுதல் நலம். துளையிடும் கருவி இல்லையாயின் ஆணியின் கூரைச் சுத்தியலால் ஒருமுறை தட்டி மழுக்குக. கூர்நுனி நார்களைப் பிளந்து செல்லும். மழுங்கிய நுனி அவற்றை நசுக்கிச் செல்லுமாதலின் பிளவு குறையும்.

சட்டத்தின் வெட்டுவாயில் நாரின் போக்கிலேயே அடிக்கும் ஆணிக்குப் பற்று வெகுவாகக் குறையும். ஈரமரத்தில் அடித்த ஆணியும் மரம் உலர்ந்தபின் தளரும். இரண்டு ஆணிகளை ஒன்றையொன்று நோக்கிச் சிறிது சாய்த்தடித்தால் பிடி மிகும்.

ஆணியே வேண்டாத இடமும் உண்டு. சென்னையில் துறைமுகம் அமையுமுன்னர், கரையலைகளைக் கடந்து கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச்சென்ற மசூலாப் படகுகளின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். அலை மோதுங்கால் அத்தையல் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியோ கொடாது. கதவு நிலையின் மூலைகளையும் இரும்பாணியால் இணைக்காமல், துளையில் முனையைப் பொருத்தி மரமுளை அடித்தலே சிறப்பு.

துருவைப்பற்றிச் சொல்லவேண்டும். கருவேலம் துவர் மிக்கது. துவரும் இரும்பும் ஈரத்திற் கூடினால் கருநிறம் பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி முன்னாளில் மை காய்ச்சிய முறையும் இதுவே. ஆகவே ஆணியைச் சுற்றிக் கரி பூசினாற்போன்ற கறை தோன்றின், அங்கே இரும்பு அரிக்கப்படுகின்றதென்று அறிக. தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்பை ஓரளவு காக்கும். வெளிவேலைக்குத் துத்தநாகம் பூசிய ஆணி வேண்டும். அதிலும், உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தது, மின்முறையால் மெல்லெனப் பூசியதைவிடப் பன்மடங்கு நிலைக்கும். முன்னது சற்றே சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். பளபளப்பைக் கண்டு பின்னதை வாங்கற்க. கடலோரத்தில் வாழும் நம் உறுப்பினர் 316 என்னும் வகைத் துருவேறா எஃகாணியை நாடுதல் தகும். விலை மிகுதிதான், ஆயினும் ஒரு வீட்டுச் செலவில் ஆணிக்குரிய பங்கு மிகச் சிறிது.

கூட்டம் தொடங்குமுன் தாய்மார் ஒருவர், சுவரிற் படம் மாட்ட அடிக்கும் ஆணி ஏன் வளைகின்றதென்று வினவினார். அது மரத்துக்குரிய மெல்லிரும்பாணி, அம்மையீர். காரைச்சுவருக்கென்று பதமேற்றிய எஃகாணி தனியே விற்கப்படுகின்றது. அதனைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கும்போது துண்டு தெறிக்குமாதலின் குழந்தைகளை அப்பால் நிறுத்திக்கொள்ளுங்கள்.