மேலக்குடிகாட்டுக் கவிஞர்

சினிமாவுக்குப் பாட்டெழுதுகிறவரைக் கவி என்று ஒப்புக்கொள்வதில் நம்முடைய பண்டிதர்களுக்கு நெடுங்காலமாக ஒரு சங்கடம் இருந்து வந்திருக்கிறது. இது நமக்கு மட்டும் வாய்த்த வியாதி அன்று. ஸ்பெயின் தேசத்தில், செவில்யா நகரத்துப் பிரபு வம்சத்தில் 1908-இல் பிறந்து, மகாகவி லோர்காவோடு சிநேகம் பூண்டிருந்த ராஃபாயேல் தே லெயோன் என்பவர் எழுதிய 'கோப்லா' என்னும் மேடைப் பாட்டுக்கள் அந்நாடு முழுவதும் வாய்க்கு வாய் வழங்கிய பின்னும், அங்கே இலக்கிய சரித்திரம் எழுதினவர்கள் அவரை நெடுநாள் திண்ணையில்தான் உட்கார வைத்திருந்தார்கள். அவராவது பிரபு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டவரோ ஏர் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர்.

அ. மருதகாசி, 1920-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி, அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த மேலக்குடிகாடு என்னும் சிற்றூரில் ஐயம்பெருமாள் உடையாரின் புதல்வராகத் தோன்றினார். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்து, அதிலிருந்து 2007-இல் அரியலூர் நிலையாகத் தனித்து, அவருடைய ஊர் இன்று அரியலூர்க் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டு பிரிவினைகளுக்கும் முன்பே, 1989 நவம்பர் 29-இல், அவர் காலமாகிவிட்டார். ஆகையால் அவரை எங்கள் ஜில்லாக்காரர் என்று சொந்தம் கொண்டாட இரண்டு மாவட்டத்தாருக்கும் பாத்தியதை உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பிரதேசத்தின் இயல்பைச் சற்று நினைத்துப் பார்த்தால் கவிஞரின் மனப்போக்கு விளங்கும். தெற்கே கொள்ளிடக் கரையோரத்தில் நெல் விளைகிறது. வடக்கே போகப் போக மானாவாரி நிலமாகி, உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரியும், பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தியும் சின்ன வெங்காயமும் மழையை எதிர்பார்த்து நிற்கின்றன. நஞ்சையின் சுகமும் புஞ்சையின் கவலையும் அக்கம்பக்கமாகக் கிடக்கிற பூமி இது.

கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்புப் படித்த காலத்தில், பாபநாசம் சிவனின் உடன்பிறந்தவராகிய ராஜகோபாலய்யரிடம் பாட்டுக் கட்டுகிற முறையைக் கற்றுக்கொண்டு, நாடக சபைகளுக்கு எழுதிக் கை பழகி, 1949-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'மாயாவதி'யின் மூலம் அவர் படவுலகில் புகுந்தார். மறு வருஷம் வெளிவந்த 'மந்திரி குமாரி'யில் அவரும் கா.மு. ஷெரீப்பும் பாட்டெழுதினார்கள். அதன் பிறகு அவர் எழுதிய பாட்டுக்களின் தொகை நாலாயிரத்தைத் தாண்டும் என்று சொல்வார்கள்.

அந்த நாலாயிரத்தில் ஒன்றை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 1957-இல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' என்ற படத்தில், கே.வி. மகாதேவன் இசையமைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாடிய 'மணப்பாறை மாடு கட்டி' என்பது அது. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறையிலே மாட்டைப் பிடித்து, மாயவரத்து ஏரில் பூட்டி உழுது, தழை உரம் போட்டு, ஆத்தூர்ச் சம்பாவைப் பார்த்து வாங்கி விதைத்து, நாற்றுப் பறித்து நட்டு, ஏற்றம் இறைத்து, கதிர் முற்றியதும் மதுரை ஜில்லா ஆளை வைத்து அறுத்து, களத்து மேட்டில் அடித்துத் தூற்றி அளந்து, பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி கட்டிப் போய், விருதுநகர் வியாபாரிக்கு விற்று, எண்ணி வாங்கின காசைத் தாயார் கையில் கொடுப்பது வரையில், ஒரு குடியானவனுடைய வருஷம் முழுவதும் சில நிமிஷங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. எந்த விவசாயியும் இத்தனை ஊர் சுற்றிப் பயிர் செய்யமாட்டான் என்பது வாஸ்தவந்தான். ஊர்ப் பெயர்களிற் சில ஓசைக்காக வந்து உட்கார்ந்தவை. ஆனால் வேலையின் வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை. அறுத்தபின் அடிப்பதும், அடித்தபின் தூற்றுவதும், தூற்றியபின் அளப்பதும் களத்தில் நின்று பார்த்தவனுக்குத் தானாக வருகிற ஒழுங்கு. பாட்டின் முடிவில் பணம் தாயாரிடம் போய்ச் சேருகிறதே, அந்த இடத்தைத்தான் நான் மிகவும் வியப்பேன். குடும்பத்தின் வரவு செலவு யார் கையில் இருக்கிறது என்ற கிராமத்து உண்மையை அவர் உபதேசமாக்காமல், வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

'பிள்ளைக்கனியமுது', 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்ற 1958-ஆம் வருஷத்துப் படங்களிலும் உழவையும் அறுவடையையும் பற்றி அவர் பாடினார். மணப்பாறைப் பாட்டுப் பிறந்த காலம் விசித்திரமானது. கேஸ்கர் அவர்கள் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக இருந்து, சாஸ்திரீய சங்கீதத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தினாலே நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது; 1957 அக்டோபரில் அதன் விவித பாரதி ஒலிபரப்புத் தோன்றும் வரையில், தமிழ் நாட்டுக் களத்து மேட்டுப் பாட்டைத் தமிழ் நாட்டான் கொழும்பு வானொலியிலிருந்து கேட்க வேண்டியிருந்தது!

குடியானவர் பாட்டு மட்டுமே அவருக்குக் கைவந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 'ரம்பையின் காதல்' படத்துக்காக, டி.ஆர். பாப்பா இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய மயானப் பாட்டு, ஆண்டியும் அரசனும் ஒன்றாகிற தத்துவத்தை எழுத்தறியாதவனுக்கும் விளங்கச் சொல்லுகிறது. அதைப் பட்டுக்கோட்டைக் கல்யாணசுந்தரம் எழுதியதாகப் பலர் எண்ணிக்கொண்டிருப்பது மருதகாசிக்குக் கிடைத்த பாராட்டா, இழைக்கப்பட்ட அநீதியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'சம்பூர்ண ராமாயண'த்துக்கும் 'வண்ணக்கிளி'க்கும் எழுதியவர் அவரே. மெட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லைப் பின்னால் தேட வேண்டிய தொழிலாதலால், அவருடைய காதற் பாட்டுக்களில் வழக்கமான நிலவும் முல்லையுமாக வந்து போகிறவையும் உண்டு. அவற்றைப் பெரிதுபடுத்தி நான் புகழப்போவதில்லை.

கூட்டாளிகளோடு சேர்ந்து எடுத்த 'அல்லி பெற்ற பிள்ளை' 1959-இல் வெளிவந்து நஷ்டத்தைத் தந்தது. அதன்பின் படவுலகத்தினின்று ஒதுங்கியிருந்தவர், சின்னப்பா தேவர் தயாரித்து 1967-இல் வந்த 'விவசாயி' படத்திற்காக எழுதிய பாட்டு, கடவுளை முதலாளியாகவும் உழவனை அவர் தேடிப் பிடித்த தொழிலாளியாகவும் கற்பனை செய்தது. மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடு எதிர்பார்த்திருந்த நாட்கள் அவை. நம் மண்ணில் விளைவிக்கலாமே, வெளிநாட்டில் ஏன் கையேந்த வேண்டும் என்று அந்தப் பாட்டுக் கேட்டபோது, கேள்வி கொட்டகையோடு நின்றுவிடவில்லை.

'திரைக்கவித் திலகம்' என்ற பட்டம் அவருக்கு உண்டு. அவருடைய பாடல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கியிருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலுள்ள உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பள்ளி விழாவில் குழந்தைகள் அந்த மணப்பாறைப் பாட்டுக்கு ஆடும்போது, பாடியவர் பெயரையும் நடித்தவர் பெயரையும் அறிவிப்பதோடு, எழுதியவர் மேலக்குடிகாட்டு மருதகாசி என்பதையும் தயவுசெய்து ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.