குன்றிமணிக் கொடி



வேலியோரப் புதர்களில் புளியிலையை ஒத்த இலைகளுடன் மெல்லிய கொடியொன்று படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். ஈர்க்கின் இருபுறமும் ஏறத்தாழ 10 முதல் 20 இணைச் சிற்றிலைகள். நுனியில் ஒற்றையிலை இராது. மலர் வெளிர் ஊதா. காய் முற்றி வெடிக்குங்கால் செக்கச் சிவந்த மணிகள் தோன்றும். ஒவ்வொன்றிலும் ஒரு கரும்பொட்டு. இதுவே குன்றிமணி.

முன்னாளில் பொற்கொல்லரின் தராசில் இதுவே எடைக்கல். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாவதும் இம்மணியே.

ஆயினும் இவ்வழகிய மணிக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உறைகின்றது. அதற்கு முறிமருந்து இல்லை. கடினமான தோல் உடையாதவரை நஞ்சு பெரும்பாலும் வெளிப்படாது. மென்றாலோ, துளைத்தபின் விழுங்கினாலோ பேராபத்து. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தொடங்கக்கூடும்; அதுவரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நான் ஆசிரியனாயிருந்தபோது, மாணவனொருவன் வகுப்பில் எதையோ குதப்பிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கச் சொன்னேன். குன்றிமணி! நல்லவேளை, உடையவில்லை.

“தட்டார் கடையில் கிண்ணம் நிறைய இருக்கிறதே, ஐயா!” என்றான்.

“அவர் நிறுப்பதற்கு வைத்திருக்கிறார், தம்பி, கடிப்பதற்கன்று” என்றேன்.