நாலு லட்சம் கடிதம்



தினமும் வீட்டில் டி.வி. தொடர் பார்க்கிறோம். அந்தக் கதையை எழுதுகிறவர் யார் என்று யோசித்தது உண்டா? இன்று அப்படி ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் பெயர் மனோகர் ஷியாம் ஜோஷி. 1933-இல் அஜ்மீரில் பிறந்தார். தில்லியில் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடரை எழுதியவர் அவர்தான். உங்களில் வயதானவர்களுக்கு அது நினைவு இருக்கும். நம் நாட்டின் முதல் நெடுந்தொடர் அது.

அந்த யோசனை மெக்சிகோ நாட்டில் இருந்து வந்தது. அங்கே மிகேல் சபிதோ என்ற தயாரிப்பாளர் 1975-இல் ஒரு தொடர் எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வகுப்புக்குப் போவதுதான் கதை. நம் கதைதான்! அந்தச் சமயத்தில் 8 லட்சம் பேருக்கு மேல் அங்கே முதியோர் வகுப்பில் சேர்ந்தார்கள். நம் மத்திய அமைச்சர் வசந்த் சாத்தே மெக்சிகோ போனபோது இதை அறிந்தார். இங்கேயும் செய்ய வேண்டும் என்றார்.

ஜோஷி ஒரு குடும்பத்தைப் படைத்தார். அப்பா குடிகாரர். அம்மா பகவந்தி, எல்லாவற்றையும் பொறுத்துப் போகிறவள். பிள்ளைகள் ஐந்து பேர். மூத்த மகள் பட்கி. தாத்தா பாட்டியும் கூடவே இருந்தார்கள்.

முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய புத்திமதி அதிகம். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே புத்திமதியைக் குறைத்தார்கள். வீட்டுச் சண்டை, வேலை தேடி அலைவது, பெண்ணுக்கு வரன் பார்ப்பது என்று கதையைக் கூட்டினார்கள். அதன் பிறகு நாடே பார்த்தது.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். அவர் நம் செம்பூரில் வாழ்ந்தவர். பார்த்தவர்கள் சுமார் 4 லட்சம் கடிதங்கள் எழுதினார்கள். பட்கிக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று கேட்டவர்கள் பலர். கல்யாணமும் நடந்தது.

எழுதுகிறவர் ஒன்று நினைக்க, பார்க்கிறவர் வேறு நினைப்பதும் உண்டு. பெண் இப்படி எல்லாம் பொறுத்துப் போகக் கூடாது என்று காட்டத்தான் பகவந்தியைப் படைத்தார்கள். ஆனால் பல பெண்கள் அவளைத்தான் நல்ல மனைவி என்றார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பிறகு பேசுவோம்.

என் ஆச்சி தாராவியில் அப்பளம் இட்டுப் பிழைத்தவள். பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து 'ஹம் லோக்' பார்ப்பாளாம். பட்கிக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம். கடுதாசி போட ஆசை. ஆனால் எழுதத் தெரியாது. எழுதித் தரும்படி பிறரிடம் கேட்கக் கூச்சம். அந்த 4 லட்சம் கடிதத்தில் ஆச்சியின் கடிதம் இல்லை.

1985-இல் அந்தத் தொடர் முடிந்தது. ஜோஷி அடுத்து 'புனியாத்' எழுதினார். நாடு பிரிந்தபோது ஊரை இழந்து வந்த ஒரு குடும்பத்தின் கதை அது. ஜோஷி 2006-இல் காலமானார்.

இப்போது நோட்டை எடுங்கள். நீங்கள் பார்க்கும் தொடரை எழுதுகிறவருக்கு நாலு வரி எழுதுங்கள். பிடித்ததை எழுதுங்கள். பிடிக்காததையும் எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும். கடைசியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். தபால்பெட்டியில் போடுவது என் பொறுப்பு.