ஈனிலும் கோசாவும்



குறுந்தொகைப் பாட்டொன்றிலே, சூல் முதிர்ந்த பேடைக்காக ஆண்குருவி கரும்பின் பூவைக் கொய்து கூடமைக்கிறது. அக்கூட்டுக்குப் பெயர் ‘ஈனில்’. ஈனும் இல் ஈனில்! ‘பிரசவ ஆசுபத்திரி’ என்போர் இம்மூன்றெழுத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

சென்னையில் எழுந்த ஓர் ஈனிலின் வரலாற்றைக் கேளுங்கள். மேரி சார்லிப் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1866-இல் கணவருடன் சென்னைக்கு வந்தார். உள்ளறையில் அடைபட்ட பெண்டிர், ஆண் மருத்துவரை அண்டவொண்ணாது மகப்பேற்றிலே மாள்வதை அறிந்து நெஞ்சு பதைத்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் கால்வைத்த நான்கு பெண்களுள் ஒருவரானார். இலண்டனிலும் பயின்று மீண்டு, 1885-இல் நுங்கம்பாக்கத்தில் மகளிர்க்கென மருத்துவமனை தொடங்கினார். 1890-இல் அது சேப்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. நுங்கம்பாக்கத்து முதல் மனை பழங்கதையாயிற்று.

பணி பெரிது, பெயரோ? ‘விக்தோரியா அரசியார் சாதி, கோசா மருத்துவமனை’! சாதியென்றது மேற்சாதிப் பெண்டிரை. கோசா பாரசீகச் சொல். மூலை என்பது பொருள். மூலையில் முடங்கி மறைந்து வாழ்தலை அது குறித்தது. அப்பெயரைக் கண்டே அப்பெண்டிர் நம்பி வந்தனர் என்பாருமுளர், பொய்யன்று. ஆயினும், பேற்றுநோவுக்குச் சாதியுண்டோ? உயிர் காக்கும் வாயிலிலே சாதியை எழுதி வைத்தனரே!

விடுதலைக்குப் பின் அது கசுத்தூரிபா காந்தி மருத்துவமனையாயிற்று. சாதி, பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிவிட்டது. திருவல்லிக்கேணித் தெருக்களில் இன்றும் ‘கோசா ஆசுபத்திரி’ என்றே வழி கேட்கின்றனர்.