இலையுதிரும் காலத்தில் பிறக்கும் ஆண்டு



டிசம்பர் 31ஆம் தேதி இரவு, சுங்கை பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் வட்டாரங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் புத்தாண்டு ஆராதனைக்குப் புறப்படும். பிள்ளைகள் புதுச்சட்டை போட்டிருப்பார்கள். தூக்கம் கண்ணைக் கட்டும். மணி பன்னிரண்டு அடித்ததும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். ஆனால் கெடா மாநிலத்தில் ஜனவரி முதல் நாள் பொது விடுமுறை அல்ல. ஆலயத்தில் ஆமென் சொன்ன பால்வெட்டுத் தொழிலாளி, விடிவதற்கு முன்பே கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டியவர். ஆகவே, இரவில் சொன்ன விசுவாசம் சில மணி நேரத்திலேயே சோதனைக்கு வந்துவிடுகிறது. 'கடவுளை நம்பி இந்த ஆண்டைத் தொடங்குகிறேன்' என்றால் அதற்கு என்ன பொருள்? இன்று அதைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம்.

இந்தக் கேள்வி நமக்கு வெறும் சமயக் கேள்வி அன்று; வயிற்றுக் கேள்வியும்கூட. ஊரெல்லாம் ஆண்டு மலர்கிறது என்று பாடும்போது, நம் ரப்பர்க் காட்டில் இலை உதிரத் தொடங்குகிறது. வறட்சி மிகுந்த இந்த வட பகுதியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மரங்கள் மொட்டையாகி, பிறகு துளிர்விடுகின்றன. புது இலையை வளர்ப்பதற்கு மரம் தன் சத்தைச் செலவிடுவதால் பால் குறைகிறது. பால் குறைந்தால் சம்பளமும் குறைகிறது. அதே வேளையில் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பண்டிகைக்கு வாங்கிய கடனும் வாசலில் வந்து நிற்கின்றன. நம்பிக்கை மிகுதியாகத் தேவைப்படும் காலம் இதுவே.

இந்தப் புத்தாண்டு விழிப்பு ஆராதனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1740களில் இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகருக்கு அருகில் கிங்ஸ்வுட் என்னும் இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறிய பிறகு, அந்த இரவுகளையே ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். குடித்து விழித்திருந்த இரவு, கூடி ஜெபித்து விழித்திருக்கும் இரவாயிற்று. பின்னர் 1755ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்னும் இடத்தில், சுமார் 1800 பேர் கூடிக் கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பித்தார்கள். இன்றும் மெதடிஸ்ட் சபைகள் பல, ஆண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துகின்றன.

அந்த உடன்படிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'ஆண்டவரே, இந்த ஆண்டு எனக்கு இன்னின்னது தாரும்' என்று பட்டியல் போடுவதல்ல அது. 'வேலை கொடுத்தாலும் சரி, வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவிலும் குறைவிலும் நான் உம்முடையவன்' என்று தன்னையே ஒப்படைப்பதுதான் அதன் சாரம். புத்தாண்டு இரவில் நம் ஆலயங்களில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் அதை ராசிபலன் போலவோ, நம்பர்ச் சீட்டுப் போலவோ எண்ணிவிடக் கூடாது. வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் சீட்டல்ல அது. யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம் என்பதை நினைவூட்டும் அட்டை.

'நம்பியவனுக்குத் துன்பமே வராதா?' என்று நீங்கள் கேட்கலாம். நம் கெடா மண்ணே அதற்குச் சாட்சி. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையின் அணி உடைந்தது, அலோர்ஸ்டார் விழுந்தது. 1942 ஜனவரி முதல் நாள் பிறந்தபோது கெடா ஜப்பானியர் கையில் இருந்தது. துரைமார் தெற்கே ஓடிவிட்டார்கள். சம்பளம் போட ஆளில்லை. அந்தப் புத்தாண்டிலும் தோட்டத்து வீடுகளில் கைகூப்பியவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்து வந்த காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவே இல்லை. அவர்கள் நம்பிக்கை குறைந்தவர்களா? அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

வேதாகமத்தில் தானியேலின் நண்பர்கள் மூவரை நினைத்துப் பாருங்கள். அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்றபோது, தங்கள் கடவுள் தங்களைக் காப்பாற்ற வல்லவர் என்றார்கள். காப்பாற்றாவிட்டாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். பலனைக் கண்டு பிறக்கும் நம்பிக்கை பலன் போனதும் போய்விடும். பலன் இல்லாத நாளிலும் நிற்பதையே கிறிஸ்தவ மார்க்கம் விசுவாசம் என்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் மக்களுக்கு மன்னா கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். அன்றாடம் வேண்டியதை அன்றாடம் பொறுக்க வேண்டும். பேராசையால் மறுநாளைக்கு வைத்தால் புழு வைத்துவிடும். நம் தொழிலும் அப்படித்தான் அல்லவா? மங்கில் வடிந்த பாலை அன்றே எடுக்காவிட்டால் கட்டிப்பாலாகிவிடும். ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு நாளுக்கு வேண்டியதைச் சேர்க்கும்படி கட்டளை இருந்தது. ஏழாம் நாளில் மன்னா கிடைக்காது என்பது முன்பே தெரியும். கவலைப்பட்டுப் பதுக்குவது வேறு. தெரிந்த தேவைக்குச் சேர்த்து வைப்பது வேறு. இலையுதிர் காலம் ஆண்டுதோறும் வரும் என்பது நமக்குத் தெரியுமே! பால் நன்றாகக் கிடைக்கும் மாதங்களில் சிறிது ஒதுக்கி வைப்பது அவநம்பிக்கை அல்ல; அதுவே நம் ஆறாம் நாள் வேலை.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, இந்தப் புத்தாண்டில் குடும்பமாக உட்காருங்கள். கணவனும் மனைவியும் கடன் கணக்கை மறைக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். மாதம் பத்து வெள்ளியானாலும் பிள்ளைகளின் படிப்புக்கென்று தனியே வையுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டாரிடம் முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள். அதன்பிறகு ஜெபியுங்கள். தோட்டம் கைமாறி, வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோய், ஆலையில் வேலை செய்யும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இலை உதிர்ந்த மரத்தைப் பட்டுப்போனது என்று எந்தத் தொழிலாளியும் வெட்டிச் சாய்ப்பதில்லை. சித்திரை பிறப்பதற்குள் காடு மறுபடி பச்சை கட்டும் என்பது அவருக்குத் தெரியும். அதுவரை மரத்தைப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஆண்டில் உங்கள் குடும்பத்தையும் அந்தப் பொறுமையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.