அடுத்த புத்தகம் எது?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் கையில் மைக்கைக் கொடுத்தால் மணி அடித்தாலும் விடமாட்டார் என்று நம் செயலாளருக்குத் தெரியும். அதனால்தான் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

1974-ல் இங்கே பி.எஸ்ஸி. கணிதம் முடித்தேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றபின் இப்போது எனக்கு ஒரே ஒரு மாணவி. மகள் வயிற்றுப் பேத்தி. வயது ஒன்பது, படிப்பது நாலாம் வகுப்பு. ஆனால் போன கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையே முடித்துவிட்டாள்.

மகள் கேட்டாள்: "அப்பா, எட்டாம் வகுப்புப் புத்தகம் வாங்கிடட்டுமா? இல்ல, ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன்னு ஒரு கோச்சிங் இருக்காம், அதுல சேர்த்துடலாமா? அவரு பணம் கட்டவே ரெடியா இருக்காரு."

பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை இந்தச் சபையில் ஒளிக்காமல் சொல்கிறேன்.

1988-ல் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஏழாம் வகுப்பு. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு இயற்கணிதம் கொடுத்தேன், ஒன்பதில் வகைநுண்கணிதம் கொடுத்தேன். ஆய்வாளர் வந்தால் அவனைத்தான் எழுப்பி நிறுத்துவேன். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் கணக்கில் நூற்றுக்கு நூறு. பொறியியல் கல்லூரிக்குப் போனான். முதல் வருஷக் கணக்கிலேயே அரியர் விழுந்தது.

பல வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்: "சார், கணக்குன்னா பார்த்த உடனே வந்துடணும்னுதான் நெனச்சிருந்தேன். அங்க போய் மொதல்முறையா வரல. சரி, நமக்கு அறிவு தீர்ந்துபோச்சுன்னு நோட்டை மூடிட்டேன்."

அந்தப் பையனுக்கு நான் எல்லாம் கற்றுக்கொடுத்தேன். ஒரு கணக்கு வராவிட்டால் அதோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்று மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் தடுக்கி விழும்படியான கணக்கு ஒன்றைக்கூட நான் கொடுத்ததில்லை. மேலே மேலே ஏற்றினேனே தவிர, ஆழத்தில் இறக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

ஆகவே பேத்தியை முதலில் சோதித்துப் பார்த்தேன். முக்காலை அரையால் வகு என்றேன். இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கி, கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றரை என்றாள். "ஏம்மா தலைகீழாக்கினே?" "அப்படித்தான் தாத்தா போடணும்!" "சரி, இந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லு பார்ப்போம்." முழித்தாள். சமையலறைக்குக் கூட்டிப்போனேன். முக்கால் லிட்டர் பால், அரை லிட்டர் செம்பு. ஊற்றிப் பார்த்தாள். ஒரு செம்பு நிறைந்தது, மீதி பாதிச் செம்பு. "ஓ, எத்தனை செம்புன்னு கேக்கறதுதான் வகுத்தலா!" என்றாள். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை முடித்த பிள்ளைக்கு அன்றுதான் வகுத்தல் புரிந்தது.

அதிலிருந்து மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஒன்று, பிள்ளை போட்ட கணக்கை, தெரியாத தம்பிக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா? இரண்டு, கணக்கு வராதபோது அழாமல், விடையைத் திருப்பிப் பார்க்காமல், மறுநாளும் அதே கணக்கிடம் வருகிறதா? மூன்று, அடுத்தது வேண்டும் என்று கேட்பது பிள்ளையா, நாமா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் தாராளமாக மேல்வகுப்புப் புத்தகம் கொடுங்கள். ஓடுகிற பிள்ளையைப் பிடித்துக் கட்டிப்போடுவதும் பாவம்தான். இல்லையென்றால் மேலே போகவேண்டாம், பக்கவாட்டில் போங்கள்.

பக்கவாட்டில் என்ன இருக்கிறது? பள்ளிப் பாடம் தொட்டும் தொடாமலும் விட்டது நிறைய இருக்கிறது. பகா எண்கள், மீதிகளின் விளையாட்டு, எண்ணிப் பார்க்காமலே எண்ணும் வழிகள், வடிவியல் நிரூபணங்கள். நம் பாட்டன் பூட்டன் வைத்திருந்த பின்னக் கணக்கே ஒரு சுரங்கம். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. "ஏன் அந்தப் பேர் வந்தது, கண்டுபிடி" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஓடி வந்தாள்: "தாத்தா, மாவையும் காணியையும் கூட்டினா எண்பதில் அஞ்சு, அது பதினாறில் ஒண்ணு!" பின்னக் கூட்டல் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு அது அவள் சொத்தாகிவிட்டது.

புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. நம் காலத்தில் சோவியத் புத்தகக் கண்காட்சியில் மலிவு விலைக்கு வாங்கினோமே பெரல்மான், அந்தப் பழைய பிரதியைத்தான் பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன். 1965-ல் தொடங்கி சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறன் போட்டி நடத்துகிறது. அதன் பழைய வினாத்தாள்கள் நல்ல தீனி.

'நுண்கணிதத்துக்குச் சீக்கிரம் போனால்தானே முன்னுக்கு வரலாம்' என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சர்வதேச கணித ஒலிம்பியாட்டைக் காட்டினேன். 1989 முதல் இந்தியா கலந்துகொள்ளும் போட்டி அது. பள்ளி மாணவர்களுக்கு அதைவிடக் கடினமான கணக்குப் பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு நுண்கணிதம் தேவையே இல்லை. இயற்கணிதம், வடிவியல், எண்ணியல், சேர்வியல், அவ்வளவுதான். இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், நாளுக்கு மூன்றே கணக்கு. ஆக, ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி நேரம்! அங்கே வேகம் சோறு போடாது. திணறிக்கொண்டே உட்கார்ந்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வேலை.

நம் ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1903-ல், கார் என்பவர் தொகுத்த புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 முடிவுகள், பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. விட்ட இடத்தையெல்லாம் அவரே நிரப்பிப் பார்த்தார். எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகிவிடாது. ஆனால் வாசிக்கிறவனுக்கு வேலை மிச்சம் வைக்கிற புத்தகம்தான் நல்ல புத்தகம். அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்.

என்னோடு படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நம் பேராசிரியர் திங்கட்கிழமை கரும்பலகையின் இடது மூலையில் ஒரு கணக்கு எழுதுவார். வெள்ளிக்கிழமை வரை யாரையும் அழிக்க விடமாட்டார். விடையையும் சொல்லமாட்டார். கேண்டீனிலும், ஹாஸ்டல் மாடியிலும், சைக்கிள் ஸ்டாண்டிலும் அந்தக் கணக்கோடேயே அலைந்தோம். மூன்று வருஷத்துப் பாடத்தில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அந்த இடது மூலை மட்டும் மறக்கவில்லை. அதைத்தான் இப்போது வீட்டுச் சமையலறைக் கதவில் சாக்பீஸால் திறந்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு.

போன வாரம் எழுதியது இது: ஒரு கூட்டத்தில் பலரும் கைகுலுக்குகிறார்கள். ஒற்றைப்படைத் தடவை கைகுலுக்கியவர்களை மட்டும் தனியாக நிறுத்தினால், அவர்கள் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஏன்? முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் பொம்மைகளை வரிசையாக வைத்துக் கைகுலுக்க வைத்தாள். மூன்றாம் நாள் பேச்சே இல்லை. நாலாம் நாள் பல் தேய்த்துக்கொண்டே கத்தினாள்: "தாத்தா, ஒரு தடவை கைகுலுக்கினா ரெண்டு பேருக்குக் கணக்கு ஏறுது!" மீதியை நான் சொல்லப்போவதில்லை. இன்று இந்த அரங்கத்தில் எல்லோரும் கைகுலுக்கியிருக்கிறோம். வீட்டுக்குப் போகும் வழியில் யோசியுங்கள்.

மகளுக்கு இப்படித்தான் பதில் சொன்னேன்: "எட்டாம் வகுப்புப் புத்தகம் எங்கேயும் ஓடிப்போகாதும்மா. ஒரு வருஷம் கதவில் எழுதிக்கிட்டிருக்கேன். அவளா வந்து கேட்டா வாங்கிக் கொடு." மாப்பிள்ளை பணத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். சாயங்காலம் அவரும் கதவருகே வந்து நின்று யோசிக்கிறார் என்பது கூடுதல் செய்தி.

மாணவச் செல்வங்களே, கணக்கு வரவில்லை என்று நோட்டை மூடும் அன்றைக்கு இந்தக் கிழவனை நினைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் அறிவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. 1988-ல் ஒரு பையனிடம் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.

செயலாளர் எழுந்து நிற்கிறார்.