சீகன்பால்குவின் கடிதங்களில் அழகப்பன்



செருமானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியை வந்தடைந்தார். 1715இல் அவர் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டையும், 1716இல் ஆலே நகரில் வெளியான அவருடைய தமிழ் இலக்கணத்தையும் நாம் அறிவோம். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் எவர் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

அவர் தாயகத்திற்கு எழுதிய கடிதங்களில் முதலில் தென்படுபவர் எழுபது வயதுடைய பள்ளியாசிரியர். சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகினார் சீகன்பால்கு. எழுத்துக் கைவந்தது, பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. மாணவருக்கோ தமிழ் தெரியாது.

அவ்விடத்தில்தான் இரண்டாமவர் வருகிறார். கடிதங்கள் அவரை ‘அலெப்பா’ என்கின்றன. அழகப்பன் என்பதே அப்பெயர் என்பர் ஆய்வாளர். டேனிய வணிகக் குழுமத்தில் துபாசியாய் இருந்தவர். போர்த்துக்கீசியம் முதலான ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். சொல்லுக்குப் பொருள் கூறியவரும், வழக்கங்களை விளக்கியவரும் அவரே. இடையில் அவர் தரங்கம்பாடியை விட்டு நீங்க நேர்ந்தது.

1712 முதல் 1714 வரை, பணியாளர் விடுத்த வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைமடல்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டன. முதற்பகுதியில் 55, இரண்டாம் பகுதியில் 44 என 99 மடல்கள் அச்சேறின. எழுதியோர் பெயர்கள் அச்சில் இல்லை. அவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என ஆய்வாளர் கருதுவர். அவ்வாறாயின், சீகன்பால்குவின் கடிதங்களில் ஓரமாய் நிற்பவர், இம்மடல்களில் தாமே பேசுகிறார். சமயத்தையும் வாழ்வையும் பற்றி ஐரோப்பியர்க்கு விடையிறுத்த தமிழ்க் குரல் அது.

இவ்வாய்வு சுங்கைப் பட்டாணியில் வாழும் நமக்கு ஏன் வேண்டும்? அழகப்பன் ‘அலெப்பா’ ஆனதுபோல, நம் முன்னோர் பெயர்களும் பிறர் கையால் எழுதப்பட்டுத் திரிந்தன. தோட்டத்துச் செக்ரோலிலும் பிறப்புப் பத்திரத்திலும் ஒருவரே இருவேறு பெயராய் நிற்பதுண்டு. ஒரே எழுத்துக்கூட்டலைத் தேடுவோர் அவரைத் தவறவிடுவர். பெயரோடு ஊர், தொழில், உறவு, ஆண்டு ஆகியவற்றையும் ஒப்புநோக்கித் தேடுவோர் கண்டறிவர்.

பழைய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஏடுகளும் அவற்றை விளக்கிச் சொல்லும் முதியோரும் குறைந்து வருகின்றனர். ஆதலின், மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டப் பள்ளியில் கற்பித்த ஓர் ஆசிரியரையேனும் தேடி, அவர் பெயரைத் தமிழில் திருத்தமாய் எழுதி வைக்க வேண்டுகிறோம். கற்பித்தவர் பெயரைக் காப்பது கற்றவர் கடன்.